செல்வராணிக்கு நான் முதலில் சொன்ன காரணம்

மருந்துக் கடைக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் புதிதாக வந்து நிற்கிறீர்கள். உங்களில் சிலர் பரீட்சை எழுதிச் சான்றிதழோடு வந்தவர்கள். நான் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள். பதுளை டவுனில் ஒரு பார்மசியில் கூட்டித் துடைக்கச் சேர்ந்தேன். பிறகு மாத்திரை எண்ணிப் பொட்டலம் போட்டேன். அப்புறம் கவுண்டர். முப்பது வருடத்துக்கு மேல் அங்கேயே நின்று, போன வருடம்தான் கால் வலி தாங்காமல் வீட்டில் உட்கார்ந்தேன். மருந்துகளை முதலில் பெட்டியின் நிறத்தை வைத்துத்தான் பழகினேன். பெயரை வாசிக்கப் பிறகுதான் வந்தது. ஆகவே உங்களுக்கு விஞ்ஞானம் சொல்ல நான் ஆள் இல்லை. நான் செய்த தப்பைச் சொல்லலாம். அதற்குள் இரண்டு தப்பு இருக்கிறது. முதலாவதைத் திருத்தப் போன இடத்தில்தான் இரண்டாவதைச் செய்தேன். இரண்டாவதுதான் பெரியது.

எனக்குப் பயம் அதிகம். வேலை முடிந்து போகிற பஸ்ஸில், இன்றைக்கு யாருக்கு என்ன கொடுத்தேன் என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பேன். இரண்டு தரம் பாதி வழியில் இறங்கிக் கடைக்குத் திரும்பியிருக்கிறேன். இரண்டு தரமும் சரியாகத்தான் கொடுத்திருந்தேன். கடையில் சிரிப்பார்கள். உண்மையாகவே தப்புச் செய்த அன்றைக்கோ, எனக்கு ஒரு சொட்டுப் பயமும் வரவில்லை. இதை நீங்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பயம் நல்ல காவல் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். அது வர வேண்டிய நேரத்துக்கு வருவதில்லை.

தேயிலைத் தோட்டத்திலிருந்து வருகிற மருந்துப் பையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு அட்டை மாத்திரைக்காக எல்லாரும் டவுனுக்கு வர முடியாது. வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் விழாது, சம்பளமும் கிடையாது. அதனால் யார் டவுனுக்கு வருகிறார்களோ அவர்களிடம் லயத்து வரிசை வீடுகளில் உள்ளவர்கள் எல்லாரும் முடிந்துபோன மாத்திரை அட்டைகளைக் கொடுத்து விடுவார்கள். பசறைப் பாதையில் இருக்கும் ஒரு தோட்டத்திலிருந்து எங்கள் கடைக்கு வருகிறவர் கணேசன். ஆட்டோ ஓட்டுகிறவர். ஒவ்வொரு வீட்டு அட்டைகளையும் ஒவ்வொரு நிற நூலால் கட்டிப் பையில் போட்டுக்கொண்டு வருவார். சிவப்பு நூல் ஒரு வீடு, மஞ்சள் நூல் ஒரு வீடு. எந்த நிறம் யாருடையது என்று அவருக்குத்தான் தெரியும். நாங்கள் அட்டையைப் பார்த்து அதே மருந்தை எடுத்து, அதே நூலால் கட்டித் திருப்பிக் கொடுப்போம். டாக்டர் எழுதின மருந்துச் சிட்டை இருக்காது. நோயாளியின் முகமும் இருக்காது. அப்படிக் கொடுக்கக் கூடாது என்று சட்டம் சொல்கிறது. கொடுத்தோம். எல்லாக் கடையிலும் கொடுத்தார்கள் என்று சொல்லி நான் தப்பிக்கப் பார்க்கவில்லை.

கொரோனாவுக்குப் பிறகு எங்கள் கவுண்டரில் அதிகம் கேட்ட வார்த்தை 'எதிர்ப்பு சக்தி'. இஞ்சி, மஞ்சள், விற்றமின், எல்லாம் அந்தப் பேரில் விற்றுப்போனது. அந்த வரிசையில்தான் பெப்டைட் மாத்திரைப் போத்தலும் வந்தது. நன்றாக இஸ்திரி போட்ட சட்டையோடு ஒரு விற்பனைக்காரப் பையன் கொண்டு வந்தான். புரதத்தின் சின்னச் சின்னத் துண்டுகளாம். கன்றுக்குட்டியின் நெஞ்சுக்குள் இருக்கும் ஒரு சுரப்பியிலிருந்து எடுத்ததாம். உடம்புக்குள் போய், நோயை எதிர்க்கிற அணுக்களுக்கு வேலை சொல்லிக் கொடுக்குமாம்.

"மருந்து இல்லக்கா, உணவுச் சத்து. பக்க விளைவே கெடையாது" என்றான்.

எங்கள் பார்மசிஸ்ட் மிஸ் பக்கத்தில் நின்றார். சிங்களவர்; கவுண்டரில் நின்றே தமிழ் பழகியவர். போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "விளைவு இருந்தா பக்க விளைவும் இருக்கும் தம்பி. பக்க விளைவு இல்லைன்னா விளைவும் இல்லை. நீ எதைச் சொல்றே?" என்று கேட்டார். அவன் சிரித்துச் சமாளித்தான். முதலாளி வாங்கி முன் கண்ணாடித் தட்டில் அடுக்கினார். கேட்கிறவர்களுக்குக் கொடுத்தோம்.

அந்த வியாழக்கிழமை காலையில் மிஸ் தன் மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார். கடையில் கூட்டம். கணேசன் பையைக் கவிழ்த்தார்.

"சீக்கிரம் குடுங்கக்கா. ஆட்டோவுல ரெண்டு பொம்பளைங்கள உக்கார வச்சிட்டு வந்திருக்கேன். இன்னும் அஞ்சு நிமிஷம் போனா ஆட்டோவ அவுங்களே ஓட்டிக்கிட்டுப் போயிருவாங்க."

"ஓட்டட்டும். உங்களவிட நல்லாத்தான் ஓட்டுவாங்க" என்று சொல்லிக்கொண்டே நூல்களைப் பிரித்தேன்.

பச்சை நூலில் இரண்டு அட்டை. ஒன்று ப்ரெட்னிசலோன், ஐந்து மில்லிகிராம். இழுப்புக்கு நிறையப் பேர் வாங்குகிற மருந்து, எடுத்து வைத்தேன். மற்றது அஸதியோப்ரின். தட்டைப் பார்த்தேன், இல்லை.

"இது ஸ்டாக் இல்ல கணேசன். வேற கடையில பாருங்க."

"நேரமில்லக்கா. இருக்கிறதக் குடுங்க. அதே வீட்டுக்கு இதும் ஒண்ணு வேணுமாம்." தன் போனை நீட்டினார். பெப்டைட் போத்தலின் படம்.

"இருக்கு" என்றேன். கட்டிக் கொடுத்தேன். இல்லாத மருந்துகளை எழுதுகிற கொப்பியில் அஸதியோப்ரின் என்று எழுதினேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அந்த மருந்தின் பெயரைக் கண்ணால் வாசித்தேன், கையால் எழுதினேன். என் தலைக்குள் ஓடியது ஒரே கேள்விதான்: இருக்கா, இல்லையா? கவுண்டரில் நாள்பட நின்றால் கண்ணுக்கு அந்தப் பழக்கம் வந்துவிடும். அது மருந்தைத் தட்டில் தேடுமே தவிர, அதைச் சாப்பிடுகிற ஆளைத் தேடாது. இதுதான் முதல் தப்பு.

மிஸ் பன்னிரண்டு மணிக்கு வந்து கொப்பியைப் புரட்டினார்.

"தங்கம், அஸதியோப்ரின் யார் கேட்டது?"

"கணேசன் பையில வந்தது மிஸ். பச்சை நூல்."

"கூட என்ன போச்சு?"

"ப்ரெட்னிசலோன். அப்புறம் அந்தப் பெப்டைட் போத்தல் ஒண்ணு."

மிஸ் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். போடவில்லை.

"அஸதியோப்ரின் எதுக்குன்னு தெரியுமா? உடம்போட எதிர்ப்பு சக்தியைக் கட்டிப் போட. சில மூட்டு வியாதிக்குக் குடுப்பாங்க. கிட்னி மாத்தின ஆளுக்குக் குடுப்பாங்க. கட்டிப் போடுற மருந்தை இல்லைன்னு சொல்லிட்டு, எழுப்புற போத்தலைக் குடுத்து விட்டிருக்கோம்."

'குடுத்திருக்கே' என்று அவர் சொல்லவில்லை. 'குடுத்து விட்டிருக்கோம்' என்றார். அதுவே எனக்கு இன்னும் பாரமாக இருந்தது.

கணேசனுக்குப் போன் எடுத்தோம். தோட்டத்துக்குள் போய்விட்டால் அங்கே கவரேஜ் கிடையாது. மிஸ் டவுனில் இருக்கிற கடைகளுக்கு ஒவ்வொன்றாகப் போன் எடுத்து, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் அஸதியோப்ரின் இருப்பதைக் கண்டுபிடித்தார். பார்மசிஸ்ட் இல்லாமல் கடையைத் திறந்து வைக்க முடியாது. காலையில் திறந்து வைத்ததே போதும். அதனால் என்னை அனுப்பினார்.

"மூணு வேலை தங்கம். போத்தலை நிப்பாட்டு. மருந்தைக் குடு. ஏன்னு சொல்லிட்டு வா."

பசறை பஸ்ஸில் இடம் கிடைத்தும் உட்கார முடியவில்லை, நின்றுகொண்டே போனேன். தோட்டத்துச் சந்தியில் கணேசன் ஆட்டோவைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா, மருந்துக்குப் பின்னாலயே வந்துட்டீங்க?"

"பச்சை நூல் யாரு கணேசன்?"

"செல்வராணி. மேல் டிவிஷன். கண்டியில கிட்னி மாத்துன பொண்ணு. அவுங்க அண்ணன் மாரியப்பன் குடுத்த கிட்னி. ஏன், என்னா விஷயம்?"

"ஏறுங்க, போய்க்கிட்டே சொல்றேன்" என்றேன். ஆனால் போகிற வழியில் ஒன்றும் சொல்லவில்லை.

செல்வராணிக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கொழுந்து பறிக்கப் போவதில்லை. வீட்டிலேயே பள்ளிக்கூட உடுப்புத் தைக்கிறவள். தையல் மெஷினிலிருந்து எழுந்து, "யாருங்கக்கா?" என்றாள். அவளுடைய அண்ணன் மாரியப்பன் தேயிலை ஃபேக்டரியில் காவல்காரன். இரவு வேலை முடித்துத் தூங்கி எழுந்த முகத்தோடு உள்ளேயிருந்து வந்தார். நான் இன்ன கடை என்று சொல்லி மருந்தைக் கொடுத்தேன். கிளினிக்கில் இல்லாததால் வெளியில் வாங்கச் சொன்னார்களாம். இரண்டு நாளாக அவள் அதைப் போடவில்லை.

"அந்த போத்தல் எங்கங்க? சாப்பிட்டாச்சா?"

"இல்லக்கா. நாளைக்கு வெள்ளிக்கிழமை, நல்ல நாளா தொடங்கலாம்னு அண்ணன் சாமிகிட்ட வச்சிருக்கு."

பார்த்தேன். சுவரில் சாமிப் படங்கள், கீழே ஒரு பலகைத் தட்டு, விளக்கு, விபூதி. விளக்குக்குப் பக்கத்தில் எங்கள் கடை போத்தல். மூடியில் ஒரு குங்குமப் பொட்டுக்கூட வைத்திருந்தார்கள்.

"அதைச் சாப்பிட வேணாம்" என்றேன்.

மாரியப்பன் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். "ஏன் வேணாம்? கோயில் மண்டபத்துல கம்பெனிக்காரங்க கூட்டம் வச்சி, படம் போட்டுக் காட்டுனாங்க. நான் ஒரு கிட்னி குடுத்துட்டேன்மா. இன்னொண்ணு குடுக்க எங்கிட்ட இல்ல. லயம் பூரா காய்ச்சலா கெடக்கு. இருக்கிறதையாவது பலப்படுத்தலாம்னுதானே வாங்குனேன்? காலையில நீங்கதானே குடுத்து விட்டீங்க?"

"அது... இவுங்க சாப்பிடுற மருந்துக்கும் இதுக்கும்..."

"நீங்க டாக்டருங்களா?"

மிஸ் சொன்னதெல்லாம் எனக்குப் புரிந்துதான் இருந்தது. ஆனால் அதை என் வாயால் சொன்னால், அடுத்த கேள்விக்கு என்ன பதில்? 'எட்டாம் வகுப்புக்காரி எங்களுக்குப் பாடம் எடுக்கிறா' என்று நினைத்தால்? அந்த நேரத்தில் கண் சாமித் தட்டுக்குப் போனது. இலேசான வழி ஒன்று தெரிந்தது.

"அது மாட்டுல எடுத்தது. கன்னுக்குட்டி நெஞ்சுல இருக்கிற சதையில செஞ்சது."

செல்வராணி வாயைப் பொத்திக்கொண்டாள். மாரியப்பன் சாமித் தட்டுக்குப் போனார். பழைய பேப்பரால் போத்தலைப் பிடித்து எடுத்து, வெளியே போய், சாக்கடைக் கானில் கவிழ்த்தார். செல்வராணி மஞ்சள் தண்ணீர் கரைத்துப் பலகையைக் கழுவினாள். "நல்லவேளை சொன்னீங்கக்கா. சாமிக்கு முன்னால வச்சிட்டமே" என்று அழுதாள். எனக்கு ஒரு கிளாஸ் தேத்தண்ணி கொடுத்தார்கள். மாரியப்பனே சந்தி வரைக்கும் கூட வந்து பஸ் ஏற்றி விட்டார்.

திரும்பி வரும்போது உட்கார்ந்து வந்தேன். ஒரு நிமிடத்தில் காரியம் முடிந்ததே என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மிஸ்ஸிடம் எல்லாம் சொன்னேன். போத்தல் கானுக்குப் போனதைக் கேட்டுச் சிரித்தார். பிறகு கேட்டார்: "மூணாவது வேலை?"

"நிப்பாட்டிட்டாங்கதானே மிஸ்."

"அவங்க நிப்பாட்டினது மாட்டை, தங்கம். எதிர்ப்பு சக்தி மாத்திரையை இல்லை. திரும்பப் போய்ச் சொல்லு."

சரி என்றேன். போகவில்லை. நாளைக்குப் போகலாம், ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று தள்ளினேன். உண்மையில், அந்த வீட்டில் நல்ல பேர் வாங்கியிருந்தேன்; அதைக் கெடுத்துக்கொள்ள மனமில்லை. அடுத்த வாரம் கணேசன் வந்தபோது, "எதிர்ப்பு சக்தின்னு எந்த மாத்திரையும் அந்தப் பொண்ணு சாப்பிடக் கூடாதுன்னு சொல்லிருங்க" என்றேன். அவர் அன்றைக்கு ஒன்பது வீட்டு மருந்து கொண்டு போனார். பிறகு விசாரித்தபோது தெரிந்தது: "மாட்டு மாத்திரை வேணாம்னு கடை அக்கா திரும்பவும் சொன்னாங்க" என்றுதான் போய்ச் சொல்லியிருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது. அந்தத் தோட்டத்தில் அந்த மாத்திரைக்கு வேறு காரணம் யாரும் கேள்விப்படவில்லை. அந்தக் காரணத்தைக் கொண்டுபோய் வைத்தவளே நான்தான்.

இன்னும் இரண்டு வாரம் போனது. அந்த விற்பனைக்காரப் பையன் திரும்பவும் வந்து ஒரு வெள்ளைப் போத்தலை மேசையில் வைத்தான்.

"இது புதுசுக்கா. அதே பெப்டைட்தான், ஆனா லேப்ல செஞ்சது. மிருகத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. தோட்டத்துப் பக்கம் யாரோ மாடுன்னு கெளப்பி விட்டுட்டாங்க. பழசு ஒண்ணும் போகல. அதான் இத எறக்குனோம். இப்ப நல்லாப் போகுது."

"எந்தத் தோட்டத்துல?" என்று கேட்டேன். அவன் சொன்ன பேரைக் கேட்டதும் ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். மிஸ் ஒன்றும் கேட்காமல், "போ" என்றார்.

செல்வராணி என்னைக் கண்டதும் சிரித்த முகமாய் எழுந்து வந்தாள். "வாங்கக்கா! நானே உங்ககிட்டக் காட்டணும்னு இருந்தேன்." சாமித் தட்டிலிருந்து வெள்ளைப் போத்தலை எடுத்து வந்தாள். "இது சுத்த சைவம். அண்ணன் ரெண்டு தரம் கேட்டுத்தான் வாங்குச்சு."

"எத்தன நாளா சாப்பிடுறீங்க?"

"ஒம்பது நாளாக்கா."

மாரியப்பன் உள்ளேயிருந்து வந்தார். நான் நின்றபடியே சொல்லத் தொடங்கினேன். உட்கார்ந்தால் திரும்பவும் தேத்தண்ணி வரும், பேச்சு வேறு பக்கம் போய்விடும் என்று பயம்.

"அண்ணே, நீங்க ஃபேக்டரியில காவல் நிக்கிறீங்க. தெரியாத ஆள் உள்ள வந்தா என்னா செய்வீங்க?"

"வெரட்டுவேன்."

"இவுங்க உடம்புலயும் ஒரு காவல்காரன் இருக்கான். உங்க கிட்னி இவுங்க உடம்புக்கு வெளியாளு. அவன் கண்ணுல பட்டா வெரட்டத்தான் பார்ப்பான். உங்க தங்கச்சி காலையிலயும் ராத்திரியிலயும் போடுற மருந்து, அந்தக் காவல்காரனத் தூங்க வைக்கிற மருந்து. இந்த போத்தல அவன எழுப்பி விடும்னு சொல்லித்தான் விக்கிறாங்க. மாட்டுல செஞ்சாலும் சரி, லேப்ல செஞ்சாலும் சரி."

செல்வராணியின் கை போத்தலோடு அப்படியே நின்றது.

"எழுப்பிருச்சா?" என்று கேட்டாள்.

"தெரியாது. இந்த போத்தல் சொல்றத உண்மையா செய்யுமான்னே யாரும் சரியாச் சோதிச்சுச் சொல்லலைனு எங்க மிஸ் சொன்னாங்க. ஒண்ணுமே செய்யாமயும் இருக்கலாம். ஆனா அதக் கண்டுபிடிக்கிறதுக்கு உங்க கிட்னி வேணாம். இன்னைக்கே நிப்பாட்டுங்க. நாளைக்கே கிளினிக் போங்க. இந்த போத்தலையும் கொண்டு போங்க, கானுல கொட்டிறாதீங்க. மருந்து ரெண்டு நாள் விட்டதையும் சொல்லுங்க."

மாரியப்பன் என் அருகே வந்தார். "இத அன்னைக்கே ஏன் சொல்லல?"

"நீங்க டாக்டரான்னு கேட்டீங்க. எனக்கு வாய் வரல."

"நான் கேட்டா? நான் எல்லாரையுந்தான் கேப்பேன்! ஃபேக்டரிக்கு வர்ற தொரையவே யாரு நீங்கன்னு கேக்குற ஆளும்மா நான். அதுக்காக விஷயத்தச் சொல்லாமப் போறதா? மாடு, மாடுன்னு சொல்லி எங்களப் பயங்காட்டுனீங்க. மாடு இல்லாதத நான் தேடி அலைஞ்சி வாங்கிக் குடுத்திருக்கேன், என் கையால!"

"தப்புத்தான்" என்றேன். அன்றைக்கு யாரும் சந்தி வரைக்கும் வரவில்லை.

மறுநாள் கண்டிக்குப் போனார்கள். இரத்தத்தில் கிரியட்டினின் ஏறியிருந்தது. அதாவது, கிட்னி கொஞ்சம் தளர்ந்திருக்கிறது. வார்டில் பத்து நாள் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பத்து நாளும் கணேசன் வருகிற நேரமெல்லாம் மாத்திரையை இரண்டு தரம், மூன்று தரம் எண்ணுவேன். மருந்து விட்ட இரண்டு நாளாலா, போத்தலாலா, வேறு எதனாலாவதா என்று டாக்டருக்கே சொல்ல முடியவில்லையாம். மருந்தின் அளவைக் கூட்டி, ஊசி போட்டு, திரும்பத் திரும்ப இரத்தம் பார்த்தார்கள். ஏறியது நின்றது. பிறகு மெதுவாக இறங்கியது. கிட்னி தப்பியது.

வார்டிலிருந்து செல்வராணி கடைக்குப் போன் எடுத்தாள். கோபமாக ஒன்றும் பேசவில்லை. "அக்கா, ஒண்ணு மட்டும் கேக்குறேன். அந்தக் காவல்காரன் கதைய நீங்க சொன்னப்ப எனக்கு உடனே வெளங்கிருச்சி. எனக்கு வெளங்காதுன்னு ஏன் நெனச்சீங்க?" என்றாள்.

நான் அப்படி நினைக்கவில்லை, எனக்குத்தான் சொல்ல வராது என்று நினைத்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவள் பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுதான்.

பிள்ளைகளே, கவுண்டரில் அவசரம் வரும்போது ஆளை மடக்குகிற காரணம் ஒன்று கைக்குக் கிட்டத்தில்தான் இருக்கும். சாமி, சாதி, பயம், 'டாக்டர் ஏசுவார்' என்பது, எல்லாம் அந்த வகைதான். அதைச் சொன்னால் உடனே கேட்டுக்கொள்வார்கள். உங்களுக்கும் வேலை முடிந்த மாதிரி இருக்கும். ஆனால் நீங்கள் சொன்ன காரணத்தைத்தான் அவர்கள் வீட்டுக்குக் கொண்டு போவார்கள். அடுத்த போத்தல் வரும்போது, நீங்கள் பக்கத்தில் இல்லாத நேரத்தில், அதை வைத்துத்தான் முடிவு எடுப்பார்கள். நான் கொடுத்து விட்ட காரணம் பொய் இல்லை. அது அந்தப் பெண்ணின் கிட்னிக்கான காரணம் இல்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு மிஸ் முதலாளியோடு சண்டை பிடித்து, அந்த இரண்டு வகைப் போத்தலையும் முன் தட்டிலிருந்து எடுக்க வைத்தார். சாப்பிடப் போகிறது யார், வேறு என்ன மருந்து போடுகிறார் என்று கேட்காமல் கொடுக்கக் கூடாது என்றார். கணேசனின் பைக்கும் ஒரு ஒழுங்கு வந்தது: நூலோடு ஒரு துண்டுக் கடதாசி, அதில் ஆளின் பேர், நோய், கிளினிக் கொப்பியில் எழுதியிருக்கிற எல்லா மருந்தும். அவர் முதலில் மறுத்தார். "யாரு வீட்டுல என்னா நோயின்னு நான் லயம் லயமாக் கேட்டுக்கிட்டுப் போனா, எனக்கு அடி விழும்க்கா." கடைசியில் கடித உறைக்குள் போட்டு ஒட்டி அனுப்பச் சொன்னோம். சில வீடுகள் எழுதி அனுப்பின. சில வீடுகள் வெறும் உறையை ஒட்டி அனுப்பின. அந்த வீடுகளுக்கு மருந்து போகவில்லை. கணேசனுக்கு ஏச்சு விழுந்தது. அவர் எங்களை ஏசினார்.

செல்வராணி வீட்டுப் பச்சை நூல் அந்தப் பையில் வரவே இல்லை. வேறு கடைக்குப் போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். போனால் நியாயம்தான்.

நான் வேலையை விடுவதற்குக் கொஞ்ச நாளைக்கு முன்னால், ஒரு சம்பள வாரத்துச் சனிக்கிழமை, கவுண்டரில் நல்ல நெரிசல். வரிசையில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு செல்வராணி நின்றாள். கன்னம் வீங்கியிருந்தது. முறை வந்ததும் முன்னால் வந்தாள்.

"பல்லு வலிக்கா. தாங்க முடியல."

பிறகு பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கிற சத்தத்தில் சொன்னாள்: "எனக்கு எங்க அண்ணன் கிட்னி வச்சிருக்கு. நான் போடுற மருந்து எல்லாம் இந்தக் கொப்பியில இருக்கு. இதப் பார்த்துட்டு ஒரு மாத்திரை குடுங்க."

வரிசையில் நின்ற ஒரு பெரியவர் சிரித்தார். "பல்லுக்கும் கிட்னிக்கும் என்னாம்மா சம்பந்தம்?"

"அதத்தான் அக்காகிட்டக் கேக்குறேன். நீங்க கொஞ்சம் பொறுங்க" என்றாள்.

அவள் 'பல்லு' என்று சொன்னபோதே என் கை வலி மாத்திரைப் பெட்டிக்குப் போயிருந்தது. வழக்கமாகப் பல் வலிக்கு எடுத்துக் கொடுக்கிற அதே பெட்டி. கிட்னிக்கு ஆகாத மாத்திரை. அட்டை பாதி வெளியில் வந்துவிட்டது.

நான் அதைத் திரும்ப உள்ளே தள்ளினேன்.

"உக்காருங்க. மிஸ் வரட்டும்" என்றேன். அவள் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.